சுசிலா மாமியின் சீனி விசாரணை

நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர் இருக்கிற வீடு எதுவென்றாலும் போய்ப் பாருங்கள், அங்கே இன்னொரு சீவனும் இருக்கும். அதற்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தக்காரரின் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்த்திருப்பதே அதன் முழுநேர உத்தியோகம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஓய்வுபெறும் வயதும் இல்லை. சீனிப் பொலிஸ் என்று பெயர் வைப்போம். அதனிடம் இருப்பது ஒரேயொரு கேள்வி: "என்னத்தைத் திண்டனீ?"

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் சுசிலா மாமி. அவருடைய காவலில் இருப்பவள் மருமகள் நிறஞ்சனா. பத்தொன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசி போடுகிறவள், இப்போது முப்பத்தொன்று. காலையில் அவள் விரலில் குத்தி மெசினில் ஒரு துளி இரத்தம் வைத்தால், குசினியில் சம்பல் இடிக்கிற சத்தம் நின்றுவிடும். மாமி சிவப்புப் பேனையோடு ஓடிவந்து, சுவரில் தொங்குகிற கோயில் கலண்டரில், அன்றைய புனிதரின் பெயருக்குக் கீழே நம்பரை எழுதிவிடுவார். நூற்றிருபது என்றால் ஆண்டவருக்குத் தோத்திரம். இருநூற்று நாற்பது என்றால்? விசாரணை.

"ஒண்டும் தின்னேல்லை மாமி."

"அப்ப சீனி ஆகாயத்திலை இருந்தே வந்தது? நேற்றுப் பிரேமிளா வீட்டு ஞானஸ்நானத்திலை கேக் வெட்டினவை. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

பார்த்தீர்களா? இந்தக் கரையோரத்தில் ஞானஸ்நானம், புதுநன்மை, பெருநாள் என்று ஏதாவதொன்று இல்லாத கிழமை உண்டா? ஆகவே குற்றத்துக்குச் சாட்சி எப்போதும் தயார். நிறஞ்சனாவின் கணவன் அனிஸ்ரன் புயலுக்கே பயப்படாமல் கடலுக்குப் போகிறவன். தாய் சிவப்புப் பேனையை எடுத்தால் மட்டும் வலை பொத்த வெளியே போய்விடுவான். நிறஞ்சனாவுக்கோ பதில் தெரியாது. அதே சாப்பாடு, அதே ஊசி, ஆனால் மாதத்தில் நாலைந்து நாள் நம்பர் கண்மண் தெரியாமல் ஏறுகிறது. நித்திரையில் எழும்பிப் போய்த் தின்கிறேனோ என்று சில நாள் தன்மேலேயே சந்தேகம் வந்தது. களவெடுக்காதவளைக் கள்ளி என்று வருடக்கணக்காகச் சொன்னால் வராமல் என்ன செய்யும்?

பிறகு தவக்காலம் வந்தது. மாமி ஒறுத்தலுக்கென்று வீட்டிலேயே இனிப்பை நிறுத்தி, சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, வெறுந்தேத்தண்ணி குடிப்பதாக ஊர் முழுக்க அறிவித்தார். மூன்றாம் கிழமை நம்பர் இருநூற்று நாற்பத்தாறு! மாமி அலுமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பூசையிலை நன்மை வாங்கினனி எல்லே... அந்த அப்பமோ?"

நற்கருணை அப்பத்தில் இருக்கிற ஆண்டவரையே சந்தேகித்த பிறகு தண்டனைதான் மிச்சம். இடியப்பம் ஐந்து இரண்டாகியது, சோறு பாதியாகியது. ஏறிய நம்பருக்காக நிறஞ்சனா இன்சுலினையும் இரண்டு அலகு கூட்டிப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு மாதவிடாய் வந்தது. அதோடு சீனி தானாகவே இறங்கத் தொடங்கியது; அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மத்தியானமும் கூட்டின ஊசி, குறைத்த சோறு. பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்தில், ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற தலத்தில், நிறஞ்சனாவும் விழுந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறியது.

"மாமி... இனிப்பு... கெதியா..."

கோயிலுக்குள் இனிப்புக்கு எங்கே போவது? மாமி ஒரு கணம் தயங்கினார். ஒரேயொரு கணம்தான். பிறகு தன் கைப்பையைத் திறந்து, லேஞ்சிக் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, நாலு துண்டு பனங்கட்டியை மருமகளின் வாயில் வைத்தார்.

ஓம், பனங்கட்டிதான். வெறுந்தேத்தண்ணி எப்படி இறங்கியது என்று இப்போது விளங்குகிறதா? சுற்றிநின்ற சனம் நிறஞ்சனாவை விட்டுவிட்டு அந்த லேஞ்சியைத்தான் பார்த்தது.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு மாமியும் போனார், கலண்டரைச் சுருட்டிக்கொண்டு, முறைப்பாடு செய்ய. தாதி நேசமலர் மிஸி மாதம் மாதமாகப் புரட்டினார். சிவப்பு நம்பர்களுக்கிடையில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடிகள் கிடந்தன.

"இது என்ன தங்கச்சி?"

"அது... என்ரை மாதச் சுகயீன நாள், மிஸி."

"அப்ப பாருங்கோ அம்மா, ஒவ்வொரு புள்ளடிக்கும் முன்னாலை நாலைஞ்சு நாள் ஏறியிருக்கு. வந்த உடனை இறங்கியிருக்கு. அந்த நாளையிலை ஊறுற ஹோமோன் இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. எல்லாருக்கும் இப்பிடியில்லை, ஆனா கனபேருக்கு இருக்கு. அந்த நாளுக்கு எவ்வளவு கூட்டிறது, எப்ப குறைக்கிறது எண்டு டொக்டர் எழுதித் தருவார். இவ்வளவு வடிவா ஆர் எழுதினது?"

மாமி பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் கலண்டரைப் பார்த்தார். அவருடைய கையெழுத்தே மருமகளை விடுதலை செய்திருந்தது.

"அப்ப இவள் ஒண்டும் தின்னேல்லையோ?"

"இல்லை மாமி," என்றாள் நிறஞ்சனா. முதல்தடவையாக மாமி அதை நம்பினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் நம்பர் இருநூற்று முப்பது. மாமி வாயைத் திறந்தார், கலண்டரைப் பார்த்தார், மூடினார். "டொக்டர் எழுதின கணக்கைப் போட்டிட்டு, அஞ்சு இடியப்பத்தையும் சாப்பிடு," என்றார். பிறகு வேலிக்கு மேலால் எட்டி, "மருமகளுக்கு நாள் கிட்டுது, அதுதான் சீனி ஏறுது!" என்று தெருவுக்கே சொன்னார். சொன்னேனே, இந்த உத்தியோகத்தில் ஓய்வு கிடையாது.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு நேரமாகச் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் ஒருத்தி விரலில் குத்தி நம்பர் பார்க்கிறாள் அல்லவா? இன்று காலையில் அவளிடம் என்ன கேட்டீர்கள்? அதை விடுங்கள். முதலில் உங்கள் கைப்பையைத் திறந்து காட்டுங்கள், பார்ப்போம்.