கூடத்துக்கு வந்த ஜெர்மனி

"எந்த ஜெர்மனி சார்? கிழக்கா, மேற்கா?"

பியானோ வாத்தியார் லாசரஸ் இப்படிக் கேட்டதும் யக்ஞநாராயணன் காலண்டரைப் பார்த்தார். மறுநாள் அவர் மகள் அபிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பிள்ளையின் அப்பா கஸ்தூரிரங்கன் குரோம்பேட்டைக்காரர். ஆபீஸுக்குப் போன் செய்தவர், பெண் பியானோ வாசிப்பாள் என்றதும் கோத்திரத்தைக்கூட விட்டுவிட்டு, "எந்த தேசத்துப் பியானோ?" என்று விசாரித்தார். "எங்காத்துல இருக்கறது ஒரிஜினல் ஜெர்மன். லோக்கல்ல பழகின கை அதுல ஓடாது" என்றும் சொன்னார். நல்ல இடம். பையனுக்குப் பாங்க் வேலை. அபிதாவுக்கு அவன் போட்டோ பிடித்துப்போய், அதைத் திருப்பித் தராமல் வைத்திருந்தாள். யக்ஞநாராயணன் யோசிக்கவேயில்லை. "எங்களுதும் ஜெர்மன்தான்" என்று சொல்லிவிட்டார்.

சேலையூர் வீட்டுக் கூடத்தில் இருந்ததோ கல்கத்தாவில் செய்தது. கட்டைகளுக்கு மேலே பொன்னெழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கேம்ப் ரோட்டில் நம்பர் பிளேட் எழுதும் துரையைக் கூட்டிவந்தார்.

"பியானோப்பா. ஜாக்கிரதையா எழுதணும்."

"இதெல்லாம் எய்திப் பயக்கம் கீது சார். நீ பேஜார் ஆவாதே."

எல்லா பெயிண்டர்களும் சொல்வதுதானே என்று யக்ஞநாராயணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துரை கல்கத்தாவைக் கறுப்படித்து மறைத்து, 'மேட் இன் ஜெர்மனி' என்று முடித்தபோதுதான் லாசரஸ் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மேற்குன்னு போடு. அதுதான் ஒசத்தி" என்றார் யக்ஞநாராயணன்.

"எதுக்கு சார் இதெல்லாம்? கல்கத்தா பியானோ நம்ம மழைக்கும் வெயிலுக்கும்னே செஞ்சது. ஒரிஜினல் ஜெர்மன்னா ஐப்பசி மழையில மரம் ஊறிடும். அமுக்கின கட்டை எழுந்திருக்காது. எங்க சர்ச்சுல அதை வெச்சிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

"அவர் மழையைப் பத்திக் கேக்கல லாசரஸ். தேசத்தைத்தான் கேட்டார்."

துரை 'வெஸ்ட்'டை இடுக்கி எழுதினான். காபியோடு வந்த மனைவி சாவித்ரி எட்டிப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர்.

"ஏன்னா, பக்கத்துலயே 1931னு செதுக்கியிருக்கே. அப்போ ஏது ரெண்டு ஜெர்மனி?"

வெஸ்டை மட்டும் அழிக்கச் சொன்னார். துரை டர்பன்டைன் போட்டுத் துடைத்ததில் ஜெர்மனி முழுவதும் போய், அடியிலிருந்து கல்கத்தா எட்டிப் பார்த்தது. இருட்டிவிட்டதால் மறுநாள் காலையில் மறுபடியும் கறுப்பு, மறுபடியும் பொன்.

"காய ராவாயிடும் சார்" என்று சொல்லிவிட்டுத் துரை போனான்.

"மூணு மணிக்கு வந்துடுவாளேடா!" என்று யக்ஞநாராயணன் அவன் பின்னாலேயே கத்தினார்.

இருந்த ஒரே டேபிள் ஃபேனைப் பியானோவுக்குத் திருப்பி வைத்தார்கள்.

மூன்று மணிக்கு வந்த கஸ்தூரிரங்கன் சோபாவில் வியர்த்து வழிந்தார். "பியானோவுக்கா காத்து?" என்றார்.

"ஜெர்மன் இல்லையா... நம்ம ஊர் உஷ்ணம் ஒத்துக்காது."

"எங்காத்து ஜெர்மனுக்கு ஒண்ணுமே ஆறதில்லையே. எந்த மழைக்கும் ஒரு கட்டைகூட அமுங்கி நின்னதில்லை. அது சார் ஜெர்மன்!"

மாணவியின் வாசிப்பைக் கேட்க வந்திருந்த லாசரஸ் விட்டத்தைப் பார்த்தார்.

அபிதா வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். பையன் அவள் விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கஸ்தூரிரங்கன் மகிழ்ந்துபோய் எழுந்து, "என்ன இருந்தாலும் ஜெர்மன் ஜெர்மன்தான்" என்று அந்த எழுத்துகளைத் தடவிக் கொடுத்தார்.

விரல் பொன்னிறமாகிவிட்டது. விரலைப் பார்த்தார். பியானோவைப் பார்த்தார். அங்கே ஜெர்மனியில் பாதிதான் மிச்சமிருந்தது.

"பெயிண்ட்!"

டேபிள் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தேசத்தையே மாத்தி எழுதற குடும்பத்துல சம்பந்தம் வேண்டாம். கெளம்புடா!"

பையன் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தான். அபிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. யக்ஞநாராயணன் போய் ஃபேனை அணைத்தார்.

அப்போது, காலையில் விட்டுப்போன பிரஷ்ஷை எடுக்க வந்த துரை வாசலில் நின்றான். கஸ்தூரிரங்கனின் விரலைப் பார்த்துப் பதறிப்போனான். பிறகு முகத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டான்.

"அட, குரோம்பேட்டை சாரா! இங்க டைம் குட்க்கல சார், அதான் ஒட்டிகிச்சி. உங்க வூட்டு பியானோல எய்தினது நல்லா காஞ்சிட்ச்சில்ல?"