மாப்பிள்ளையின் கார்ப்பெட்டில் எட்டுக் கறைகள்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு தங்கள் வீட்டில் நான் நலம். பால்கனித் தொட்டிச் செடிகள் நலம். குழாய் ஒழுகவில்லை, விளக்குகள் எரிகின்றன, பால் தவறாமல் வருகிறது. அங்கு தாங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்றும், அலுவலகப் பயிற்சி வகுப்பு தங்களுக்குச் சோர்வு தராமல் நடக்கிறது என்றும் நம்புகிறேன். ஹாலில் கிடக்கும் தங்கள் கார்ப்பெட்டைப் பற்றி மட்டும் இப்படி ஒரு வார்த்தையில் எழுதிவிட முடியாததால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். சொல்லலாம். ஆனால் நான் எதைச் சொன்னாலும் தாங்கள் "ம்" என்பீர்கள். கல்யாணமாகி ஆறு வருடமாக நானும் பார்க்கிறேன், அந்த "ம்" சரி என்கிற "ம்"மா, சகித்துக்கொள்கிறேன் என்கிற "ம்"மா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எழுதிவிட்டால் தாங்கள் "ம்" சொன்னாலும் என் காதில் விழாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். மகளின் கையில் சிக்கக்கூடாது என்பதால்தான் பயிற்சி நடக்கும் அலுவலக விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். புதன்கிழமை காலை கையில் காபித் தம்ளருடன் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து கார்ப்பெட்டின் ஒரு பாதி வெளுப்பாகவும் மறுபாதி கொஞ்சம் கருப்பாகவும் தெரிந்தது. ஒரே கார்ப்பெட், ஒரே சந்தன நிறம், அப்புறம் எப்படி இரண்டாகத் தெரியும்? இழைகள் ஒரு பக்கமாகப் படுத்திருந்தால்தான் அப்படித் தெரியும் என்று தோன்றியது. எந்தப் பக்கமாகப் படுத்திருக்கின்றன என்று பார்க்கக் குனிந்தேன். நான் குனிந்தபோது தம்ளரும் என்னோடு குனிந்துவிட்டது. (இழைகள் ஜன்னல் பக்கமாகத்தான் படுத்திருக்கின்றன. என் ஊகம் சரி.) சோபாவின் இடது காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாங்களே உட்கார்ந்து ஒரு சீப்பை எடுத்து இந்தக் கார்ப்பெட்டின் ஓரக் குஞ்சங்களை வாரிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி கண்ணில் வந்ததும் வாளியைத் தேடி ஓடினேன்.

முப்பத்தொரு வருடம் சோப்புத்தூள் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு ஒரு காபிக் கறை பெரிய விஷயமா என்று தாங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து, தூளைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அந்த நேரம் பார்த்து மேல் வீட்டு டீச்சர் செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாளியைப் பார்த்ததும் பதறிப் போய், "சார், சார், கெமிக்கலெல்லாம் போட்டுடாதீங்க. நிறம் திட்டுத் திட்டாப் போயிடும். இயற்கையா அடுக்களையில இருக்கிறதே போதும்!" என்றார். இயற்கையாக என்றால் எது என்று கேட்டேன். சமையல் சோடா என்றார். அவருடைய தங்கை வினிகர்தான் போடுவாராம். அண்ணி எலுமிச்சையும் உப்பும். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் சோளமாவைத் தூவி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாராம். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்த சாறு என்றுகூட யாரோ சொன்னார்களாம். எது நல்லது என்று கேட்டால், "எல்லாமே நல்லதுதான் சார்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மாப்பிள்ளை, எல்லாமே நல்லது என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் பிழைப்பே அதில்தான் ஓடியது. ஆனாலும் முதலில் அடக்கமாகத்தான் நடந்துகொண்டேன். கறையின்மேல் சோடாவைத் தூவினேன், அதன்மேல் வினிகரை ஊற்றினேன். அடடா, என்ன பொங்கல் பொங்கியது தெரியுமா! நுரை சுர்ரென்று எழுந்து சோபாக் காலை நனைத்தது. பேத்தி இருந்தால் கைதட்டியிருப்பாள். அவள் இல்லாததால் நானே தட்டினேன். நுரை அடங்கிய பிறகு பார்த்தால் கறை போகவில்லை, அகலமாகியிருந்தது. யோசித்தால் நியாயம்தான். சோடா ஒரு குணம், வினிகர் அதற்கு நேர் எதிர்க் குணம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, கறையைத் தொடக்கூட நேரமில்லாமல் வெறும் உப்புத் தண்ணீராக நின்றுவிட்டன. இதை நான் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும். பொங்குவதைப் பார்க்கிற ஆசையில் யோசிக்கவில்லை.

சரி, தனித்தனியாகப் போட்டுப் பார்ப்போம் என்றால், இருப்பது ஒரே கறை. பார்க்க வேண்டிய சாமான்களோ, டீச்சர் சொன்ன ஐந்தோடு உப்பைத் தனியாகவும் எடுத்துக்கொண்டால், ஆறு. வெறும் தண்ணீரையும் சேர்த்தால் ஏழு. (வெறும் தண்ணீரைச் சேர்க்காமல் எந்தச் சோதனையும் செய்யக்கூடாது. அதுவே போக்கிவிடுகிற கறையை மற்றவன் போக்கினதாகப் பெயர் வாங்கிக்கொள்வான்.) ஒரு கறையை வைத்துக்கொண்டு ஏழு சாமான்களை எப்படி ஒப்பிடுவது? எங்கள் சோதனைக்கூடத்தில் இதற்கு ஒரே வழிதான். காலையில் போனதும் முதல் வேலை, வெள்ளைத் துணியில் ஒரே அளவாகக் கறை போடுவது. அதற்கப்புறம்தான் துவைப்பது. முப்பத்தொரு வருடம் நான் போட்ட கறைகளை வரிசையாக விரித்தால் ஒரு தெரு கொள்ளாது.

தாங்கள் இப்போது உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தங்கள் கார்ப்பெட்டில், ஜன்னல் ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாக வரிசையாக, நானே என் கையால் இன்னும் ஏழு கறைகள் போட்டேன்.

ஒரே பாத்திரத்துக் காபி. ஒரே சூடு. கறை ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன், ஒரு சாண் உயரத்திலிருந்து. நூல் கட்டிக் கட்டம் பிரித்துக்கொண்டேன். முதல் கறை போடும்போது மனசு கொஞ்சம் இடித்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டாவது போடும்போது வட்டம் நன்றாக வருகிறதா என்றுதான் கவனம் போனது. நாலாவது கறையில் நான் பாடிக்கொண்டிருந்தேன். "அப்பா, நாங்க வர்ற வரைக்கும் எதையும் ஆராய்ச்சி பண்ணிடாதீங்கப்பா" என்று என் மகள் வாசல்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனது, ஏழாவது கறையும் போட்டு நிமிர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இனி என்ன செய்ய? போட்டது போட்டாச்சு. வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான். சோடா, அப்புறம் எலுமிச்சையோடு உப்பு, வினிகர், நட்ட நடுவில் வெறும் தண்ணீர், சோளமாவு, உருளைக்கிழங்குச் சாறு, கடைசியில் உப்பு மட்டும். பக்கத்தில் பெயரெழுதின துண்டுக் காகிதம். மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்த டீச்சர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு படுத்துவிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல தூக்கம்.

சனிக்கிழமை நான் எழுந்து வருவதற்குள் வீட்டு வேலை செய்யும் அம்மா தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்துவிட்டிருந்தார். "என்னம்மா, இங்க காகிதமெல்லாம் இருந்துச்சே?" என்றேன். "ஆமாங்கய்யா, ஒரே குப்பை. பெருக்கித் தள்ளிட்டேன்." "மாவு?" "மிஷின் போட்டு இழுத்துட்டேன்யா." இழுத்த மிஷின் பின்பக்கமாக அத்தனையையும் வெளியே விட்டிருக்கிறது. சோபா, திரைச்சீலை, டிவி, எல்லாவற்றின்மேலும் மாவு. "அப்புறம் ஒரு மாதிரி புளிச்ச வாடை அடிச்சுதா, வாசனைத் தண்ணி தெளிச்சு மொத்தமா ஒரு தொடை தொடைச்சேன். எப்படி இருக்கு பாருங்க!" அந்தம்மா முகத்தில் அவ்வளவு பெருமை. நல்லா இருக்கும்மா என்றேன்.

ஆனால் உண்மையாகவே நன்றாக இருந்தது மாப்பிள்ளை! ஏழில் ஆறு, கொஞ்சம் முன்னே பின்னே, மங்கலாகத் தெரிகின்றன. ஜன்னல் பக்கத்திலிருந்து இரண்டாவது மட்டும் இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம். துடைத்த துணி ஏழுக்கும் ஒன்றே, ஆகவே அதற்கு இதில் பெருமை கிடையாது. சாமான்தான் காரணம். எந்தச் சாமான்?

இங்கேதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. காகிதம் போனால் என்ன, நோட்டில் வரிசையை எழுதித்தானே வைத்திருக்கிறேன் என்று ஓடிப்போய்ப் பிரித்தேன். "இடமிருந்து வலம்" என்று அழகாக எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு இடம், எந்தப் பக்கம் பார்த்து வலம் என்று எழுதவில்லை. சோபாவைப் பார்த்து நின்றிருந்தால் அது எலுமிச்சையும் உப்பும். சுவரைப் பார்த்து நின்றிருந்தால் உருளைக்கிழங்கு. முப்பத்தொரு வருடத்தில் என்கீழ் வேலை பார்த்த எத்தனை பேரை இந்தத் தப்புக்காக நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்! வாடையை வைத்தாவது கண்டுபிடிக்கலாமென்று மண்டியிட்டு ஒவ்வொரு கட்டமாக மோந்து பார்த்தேன். ஏழிலும் ரோஜா வாசனை. திறந்திருந்த கதவு வழியாக டீச்சர் இதையும் பார்த்துவிட்டார். அவர் இப்போதெல்லாம் செய்தித்தாளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

முதல் கறையின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு எறும்பு வந்துவிட்டது. மற்ற ஏழுக்கும் வரவில்லை. ஏனென்றால் அது நான் குடிக்கப் போட்ட காபி, சர்க்கரை உண்டு. சோதனைக் காபிக்குச் சர்க்கரை போடவில்லை. எறும்புகள் பால்கனியிலிருந்து நேராக வராமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு வருகின்றன. ஏன் சுற்றுகின்றன என்று முக்கால் மணி நேரம் பார்த்தேன். தெரியவில்லை.

மாப்பிள்ளை, இவ்வளவும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. இந்த மூன்று வாரமும் என்னை இங்கே தங்க வைத்தது வீட்டுக் காவலுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். "இருந்து பாருங்கப்பா, பிடிச்சா எங்களோடயே இருந்துடுங்க" என்று மகள் சொன்னாள். அவர் என்னம்மா சொல்றார் என்று கேட்டேன். "அவர் ஒண்ணும் சொல்லலப்பா. வேண்டாம்னும் சொல்லல" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. எனக்கு இங்கே இருக்க ஆசை. வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். என் வீட்டில் அவள் அம்மா போனதிலிருந்து, ஒரு விஷயத்தைப் பார்த்து அட என்று சொன்னால் என்ன என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. தனியாக இருந்து சலித்துப் போய்விட்டது. ஆனால் ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் ஒரு பொருளில் வேண்டுமென்றே ஏழு கறை போட்ட கிழவனை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? தங்கள் வாயால் போகச் சொல்லும் சங்கடத்தைத் தங்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். தாங்கள் வருகிற சனிக்கிழமை திரும்புகிறீர்கள். நான் வியாழக்கிழமையே கிளம்பிவிடுகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. சாவி டீச்சரிடம் இருக்கும். மகளிடம், அப்பாவுக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

தாங்களும் என் மகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல், ஈரமில்லாத தரையில் கால் வைத்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்
மாமனார்

பி.கு.: உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது தாங்களே போன் செய்தீர்கள். தாங்கள் பேசியதைத் தங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான், இருந்தாலும் எனக்கு அதை எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. "மாமா, வீட்ல எல்லாம் சரிதானே?" என்று கேட்டீர்கள். சரி மாப்பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மொத்தமும் கொட்டிவிட்டது. தாங்கள் "ம்" என்றீர்கள். அது எந்த "ம்" என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் கேட்டீர்கள், "எது மாமா சுத்தமாப் போச்சு?"

"ரெண்டாவது கட்டம்."

"அது என்னது?"

"அதான் தெரியல மாப்பிள்ளை. எலுமிச்சையா இருக்கணும், இல்லேன்னா உருளைக்கிழங்கு."

"அப்ப அந்த ரெண்டை மட்டும் திரும்பப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடுமே."

"அதுக்குப் புதுசா ரெண்டு கறை வேணும் மாப்பிள்ளை" என்றேன்.

"படுக்கையறையில ஒரு கார்ப்பெட் இருக்கு மாமா. அதே கம்பெனி, அதே நிறம். கட்டிலுக்கு அடியில போட்டா அவளுக்குத் தெரியாது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். "அவ வர்றா. வெச்சிடறேன். நான் வர்றதுக்குள்ள நீங்க மட்டும் தனியாப் பண்ணிடாதீங்க மாமா. நானும் பாக்கணும்."

ஆகவே வியாழக்கிழமை கிளம்புகிறேன் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். தண்ணீர் எனக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டேன். என் சட்டைகளுக்கு இடம் போதவில்லை, அதனால் அலமாரியில் தங்கள் சட்டைகளைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கிறேன்.