கம்ப்யூட்டரை முட்டாளாக்குவது எப்படி

மாமனார் மூன்றாவது நாளாகத் தோற்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, திரையில் சிக்கிக் கிடந்த தன் ராஜாவைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். இரண்டாவது பார்வைதான் சுட்டது.

"பத்து வருஷமா தினமும் ஜெயிச்ச செஸ்ஸு, மாப்பிள்ளை. நீங்க கம்ப்யூட்டரை மாத்தின அன்னிக்கே எனக்கு மூளை மழுங்கிப் போச்சா?"

"அப்படியில்ல மாமா..."

"சின்ன மாப்பிள்ளை வீட்டுல பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதாம். அங்கேயே போய் இருந்துக்கறேன்."

மருமகனை அவர் மனைவி சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா அங்க போனா உங்க சகலை என்ன சொல்வார்? பொண்ணு வீட்டுல சோறு போடலைன்னு சொன்னாக்கூட நான் தாங்கிப்பேன். கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியலைன்னு சொன்னா நீங்க தாங்குவீங்களா?"

தாங்க மாட்டார். சொந்தக்காரர்கள் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் இவருக்குத்தான் போன் வரும். அந்த ஒரு கிரீடம்தான் இவர் தலையில் இருந்தது.

உண்மையில் இந்த வினையே அவருடைய கெட்டிக்காரத்தனத்தால் வந்தது. புதுக் கணினியில் அந்தப் பழைய விளையாட்டு முதலில் திறக்கவே மறுத்தது. 'நீ இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறாய்' என்று விளையாட்டிடம் பொய் சொல்லும் வசதி ஒன்று புதுக் கணினிகளில் உண்டு. அதைத் தேடிப் பிடித்து ஓடவைத்தார்.

ஆனால் விளையாட்டு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இத்தனை நொடிதான் யோசிப்பது என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. பழைய கணினி ஆமை. இரண்டு நகர்த்தல் தள்ளி எட்டிப் பார்ப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும், கைக்கு வந்ததை நகர்த்தும். புதியதோ அதே நொடிகளுக்குள் ஆட்டத்தின் கோடிவரை ஓடி, வேவு பார்த்துவிட்டு வந்து, மாமனாருக்காகக் காத்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன். அதோட மூளையைக் கொஞ்சம் குறைக்கணும்" என்றார் மனைவியிடம்.

"யாரோடதை?" என்றாள் அவள்.

கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைப் போல வேஷம் கட்டும் மென்பொருளை ஏற்றினார். அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆசையாகக் குறைத்தார். கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டார்.

மாமனார் ஆட உட்கார்ந்தார். கணினி தன் ராணியைக் கொண்டுவந்து அவர் சிப்பாயின் வாயில் வைத்தது.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. ராணியைச் சும்மா குடுக்குது."

"நீங்க நல்லா ஆடறீங்க மாமா, அது பயந்துடுச்சு."

"பயந்தா ஓடும். இது பிச்சை போடுது. என்னைப் பார்த்தா கம்ப்யூட்டருக்கே பரிதாபமா இருக்கா?"

தோற்றபோது கோபம்தான் வந்தது. ஜெயித்த பிறகு பெட்டியே பரணிலிருந்து இறங்கியது.

மருமகன் வேகத்தை ஒரு மயிரிழை ஏற்றினார். கணினி ராணியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மாமனாரைத் தோற்கடித்தது. ஒரு மயிரிழை இறக்கினார். ராணி திரும்பவும் தற்கொலைக்குக் கிளம்பினாள். இரண்டுக்கும் நடுவில் புள்ளியே இல்லை. பெட்டிக்குள் சட்டைகள் போய்க்கொண்டிருந்தன.

கடைசியாக ஒரு யோசனை உதித்தது. விளையாட்டை இருவர் ஆடும் முறைக்கு மாற்றி, படுக்கையறையில் இருந்த தன் மடிக்கணினியிலிருந்து கூடத்துக் கணினியை இயக்க வழி செய்தார். இனிக் கறுப்புக் காய்கள் அவர் கையில்.

"மாமா, சரி பண்ணிட்டேன். கடைசியா ஒரே ஒரு ஆட்டம்."

"இதுலயும் தோத்தா டாக்ஸிக்குச் சொல்லிடுங்க."

மருமகன் கட்டிலில் குப்புறப் படுத்துத் தோற்க ஆரம்பித்தார். தோற்பது அவ்வளவு சுலபமாக இல்லை. குதிரையை வெட்டக் கொடுத்தார். மாமனார் அதைக் கவனிக்கவில்லை. யானையை எதிரே நிறுத்தினார். மாமனார் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். தன் ராஜாவையே நடுக்களத்துக்கு உலாவ அனுப்பினார். மாமனார் அதற்கு மரியாதையாக வழிவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி கதவிடுக்கில்.

"தோத்துக்கிட்டே இருக்கேன். உங்கப்பா ஜெயிக்க மாட்டேங்கறார்."

பத்து வருடம் தினமும் ஜெயித்த மனிதரா இப்படி ஆடுகிறார்? அதற்குள் மாமனார் எப்படியோ தன் ராஜாவைத் தன் காய்களாலேயே சுற்றி அடைத்துவிட்டார். போதாததற்குத் தெரியாமலே ஒரு செக்கும் வைத்துவிட்டதால், கறுப்புக்கு மிச்சமிருந்த நகர்த்தல் ஒன்றே ஒன்று. அதை நகர்த்தினால் மாமனாருக்குச் செக்மேட். நகர்த்தாமல் இருக்கவும் முடியாது; அவர் முறை. மருமகன் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தினார்.

கூடத்தில் பெட்டியின் ஜிப் மூடும் சத்தம்.

படுக்கையறைக் கதவு மெல்லத் திறந்தது. இத்தனை நாளும் இதில் ஒரு வார்த்தை பேசாத மாமியார் உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்போட்டார்.

"அத்தை, அந்த வேகத்தை மட்டும் சரியாப் பிடிச்சிட்டேன்னா..."

"வேகமெல்லாம் கிடக்கட்டும் மாப்பிள்ளை" என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி. "அவர் பாதி ஆட்டத்துல குளிக்கப் போனா, இந்தப் புதுசு தானா பூட்டிக்கிட்டு பாஸ்வேர்டு கேக்குது. அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க, பத்து வருஷமா நான்தானே உக்காந்து அவரை ஜெயிக்க வைக்கிறேன்."