புள்ளிகளைச் சேர்த்த விவகாரம்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு, மைத்துனன் கோவிந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு என் சர்க்கரை தவிர யாவும் கட்டுக்குள் இருக்கின்றன. அங்கு தங்கை வீணாவின் முழங்கால் எப்படி?

இது நடக்கும் என்று நான் ஆறு மாதம் முன்பே சொன்னேன். உங்கள் மகள் தர்ஷினி எங்கள் வீட்டில் தங்கி, கோடி வருஷத்துக்கு முந்தைய பிராணிகளைப் பேனாவால் வரையப் போகிறேன் என்றபோதே, "கையால் வரையும் படத்துக்கு வீட்டுக்குள்ளேயே கண்டம் இருக்கிறது" என்றேன். யார் கேட்டார்கள்? மூன்று மாதம் உட்கார்ந்து, அருங்காட்சியகச் சுவருக்காக ஒரு டைனோசர் ஆற்றுமணலில் நடப்பதையும், காலடியில் பூமியை வெட்டிக் காட்டியதுபோல் பாறை அடுக்குகளையும் வரைந்தாள். மேல் அடுக்கு முழுக்கப் புள்ளி. நானே எண்ணினேன், லட்சத்துக்குக் குறையாது. சனிக்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது மேஜை துடைக்கப் போன என் வீட்டுக்காரி சீதாலட்சுமி, "பாவம், பொண்ணு புள்ளி வெச்சுட்டு கோலத்த முடிக்காமப் போயிடுச்சே" என்று, அவள் பேனாவையே எடுத்து எல்லாப் புள்ளியையும் வரிசையாகச் சேர்த்துவிட்டாள். மார்கழி மாதம், கை சும்மா இருக்குமா? நான் தடுத்தேன். ஆனால் கோடுகள் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருந்தன, அதையும் சொல்லியாக வேண்டும்.

தர்ஷினி வந்து பார்த்தாள். கத்தவில்லை. "மாமா, புள்ளின்னா மணல்பாறை. படுக்கைக் கோடுன்னா சேறு இறுகின பாறை. பாறையப் பத்திப் படிச்சவங்க அப்படித்தான் பார்ப்பாங்க" என்றாள். ஒரே மத்தியானத்தில் ஆற்றங்கரை குளத்தடியாகிவிட்டது. அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்த அருங்காட்சியக மேலதிகாரி அனன்யா மேடம், "ஏம்மா, குளத்துக்கடியில அது என்ன வாக்கிங் போகுதா?" என்று கேட்டாராம். எனக்குக் கிரானைட் கடையில் நான்கு மாத அனுபவம் உண்டல்லவா, பிளேடால் கோடுகளைச் சுரண்டினேன். டைனோசரின் பின்னங்கால் ஓட்டையாகிவிட்டது. பின்னால் காகிதம் ஒட்டினேன், முன்னால் பசை கசிந்தது. பக்கத்து வீட்டு நாகேஷ் எட்டிப் பார்த்து, "மொசளெ சென்னாகிதே சார், கால் எல்லி?" என்றார். முதலை நன்றாக இருக்கிறதாம், கால் எங்கே என்கிறார்.

இருபதாம் தேதிக்குள் புதுப்படம் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். மூன்று நாளாகத் தர்ஷினி பேனாவைத் தொடவில்லை. "விடுங்க மாமா, எனக்கு இனிமே கை ஓடாது" என்கிறாள். பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளை மேஜையில் உட்கார வையுங்கள். என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை, காரணமும் தெரியவில்லை.

குலதெய்வம் உங்களையும் தங்கையையும் அவள் முழங்காலையும் சேர்த்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோவிந்தன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் சீதாலட்சுமி படித்துவிட்டாள். சனிக்கிழமை முழுக்க ஒக்கலிபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தாளாம். இருந்தாள்தான். பேனா என் கையில் இருந்தது. படம் அவ்வளவு அழகாக இருந்தது மாப்பிள்ளை, அதில் நானும் கொஞ்சம் கை வைத்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். தர்ஷினிக்கு இது தெரியும். இன்னும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நீங்களாவது வந்து திட்டுங்கள்.