ஏணிக்காரர் வந்தால் மட்டும் வருகிற நெட்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே என் முழங்கால் இரண்டைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. பெரிய பேரன் ஐந்தாம் முறையில் டிரைவிங் டெஸ்டில் தேறிவிட்டான். நான்கு முறை திருப்பி அனுப்பிய அதே அதிகாரி இந்தத் தடவை கை கொடுத்தாராம். சின்னவன் வகுப்பில் எழுந்து நின்று பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொன்னான். டீச்சர் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே பேத்தி. கல்லூரியிலேயே முதலாவதாகத் தேறினாள். அவள் படித்த படிப்பின் முழுப்பெயரை எழுத ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கைக்கு ஒன்றரை வரி பிடிக்கும், ஆகவே விடுகிறேன். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை கிடைத்துவிட்டது! அது கைநழுவப் பார்த்த கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.

எல்லாம் இந்தக் கேபிள் கம்பெனியால் வந்தது. டி.வி.க்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு என்று என் மகன் வாங்கினான். ஹாலில் போட்டோ அலமாரியின் நட்டநடுவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கொம்பு, ஐந்து பச்சை விளக்கு, அதில் ஒன்று ஓயாமல் கண்ணடிக்கும். வருகிறவர்கள் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் பின்னால் தகரம் அடித்து, பித்தளைச் சட்டம் போட்டு, ஆணி தாங்காத கனத்தில் உங்கள் குடும்பப் படம் ஒன்று கொடுத்தாரே, அதைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். ஹாலுக்கே ஒரு களை வந்துவிட்டது. ஆனால் இன்டர்நெட்டில்தான் களை இல்லை. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் மறுநாள் பேப்பர் வந்துவிடும். மருமகள் கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று நாற்பது தடவை சொல்லும். "பாவம், அதுக்கு யாராச்சும் தண்ணி குடுங்கடி" என்றேன். "அத்தை, அது ரெக்கார்டு" என்றாள். எனக்குத் தெரியாதா?

பிறகு ஒரு ஆளை அனுப்பினார்கள். எப்போதும் ஏணியோடுதான் வருவார். எங்கள் வீட்டில் ஏற வேண்டிய இடமே கிடையாது. அவருக்குக் கை வைக்க இடம் வேண்டுமே என்று உன் படத்தைத் தூக்கிக் கொண்டுபோய் என் கட்டிலில் வைத்துவிடுவேன். அவர் பெட்டியைத் தட்டுவார், போனைப் பார்ப்பார். நெட் பிய்த்துக்கொண்டு ஓடும்.

"நல்லாத்தானேம்மா வருது?"

"நீங்க போனா அதுவும் போயிடும்."

"அப்ப நான் இங்கயே தங்கிடவா?"

"தாராளமா. ஏணியை மட்டும் வெளியில வைங்க."

அவர் படியிறங்குவார், நான் ஹாலை ஒழுங்குபண்ணுவேன், நெட் செத்துவிடும். இரண்டு தடவை இதே கூத்து. இதற்கு நடுவில்தான் பேத்திக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்ப்யூட்டரிலேயே இன்டர்வியூ வைத்தார்கள். "உங்களுக்கு ஏன் இந்த வேலையைத் தர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை "ஏனென்றால்" என்று ஆரம்பித்தாள். அதோடு சரி. அந்த மூன்று பெரிய மனிதர்களும் கன்னத்தில் கை வைத்தபடி உறைந்து போனார்கள். மன்னித்து இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு வணக்கம் சொன்னதோடு போயிற்று. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி வாய்ப்பு, அதுவும் தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். பேத்தி சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். என் மகன் கம்பெனிக்குப் போன் செய்து போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் தங்கள் ஜன்னலைச் சாத்தினார்கள்.

வியாழக்கிழமை ஏணிக்காரர் வந்தார். வீட்டில் நான் மட்டும். ஐந்தே நிமிடம். "இடைஞ்சல் ஒண்ணு இருந்துச்சு, எடுத்தாச்சு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை நாங்கள் குக்கர்கூட வைக்கவில்லை. சின்னவன் வாயில் பிஸ்கட்டை அடைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். உள்ளே பேத்தியின் குரல் "ஏனென்றால்" என்றது. நான் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தேன். ஆனால் குரல் நிற்கவில்லை தங்கச்சி, நாற்பது நிமிடம் தண்ணீர் மாதிரி ஓடிற்று! திங்கட்கிழமை வேலை உறுதியென்று கடிதம் வந்தது. "பாத்தீங்களாம்மா, நான் போட்ட சத்தத்துல கம்பெனியே ஆடிப்போச்சு" என்று என் மகன் இன்னும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிகிறான். நானும் ஆமாம் என்றேன். அப்படிப்பட்ட கம்பெனிக்கு அதுதான் சரி.

உன் பிள்ளைகளுக்கும் இதேபோல எல்லாம் தடங்கலில்லாமல் அமையட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இதை மட்டும் கிழித்துவிடு, உன் வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது. வியாழக்கிழமை முழங்கால் பிடித்துக்கொண்டதால் என்னால் எழ முடியவில்லை, ஏணிக்காரரே உன் படத்தைத் தூக்கினார். பின்பக்கத் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். "இதை எப்பம்மா இங்க வச்சீங்க?" "பெட்டி வந்த மறுநாளே." "நான் வர்றப்பல்லாம் காணோமே?" "உங்களுக்கு மரியாதையா எடுத்து வச்சிடுவேன்." மனிதர் ஏணியைக் கீழே கிடத்தி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தத் தகரத்தைத் தாண்டிப் பெட்டியின் சிக்னல் போகாதாம். வீட்டில் சொல்லாதீர்கள் என்றேன். "நான் எங்கம்மா சொல்வேன்? ரெண்டு தடவை வந்தும் கண்டுபிடிக்கலைன்னு கம்பெனில என்னைத்தான் சிரிப்பாங்க" என்றார். கம்பெனிமேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் ஐந்து பேரும் இப்போது என் துணி அலமாரியில், போர்வைக்கு அடியில் இருக்கிறீர்கள். ஹாலில் போட்டோ அலமாரி வெறிச்சென்று இருக்கிறது, அந்தப் பச்சை விளக்கு என்னைப் பார்த்தே கண்ணடிக்கிறது. ஆகவே எல்லோரும் சேர்ந்து புதிதாக ஒரு படம் எடுத்து, சட்டமும் வேண்டாம் தகரமும் வேண்டாம், வெறும் தாளாகத் தபாலில் போடு.