கவசத்துக்கு ஒரு ‘வேண்டாம்’

மனைவியிடம் அனுமதி வாங்குவதற்குக் கணவன்மார்கள் போட்ட திட்டங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு நூலகமே கட்டலாம். மறுப்பு வாங்குவதற்குத் திட்டம் போட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் நம்முடைய கண்ணாடிக்கடைக்காரர்.

மூக்குக்கண்ணாடிக் கடை. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், கூட்டமான பேருந்தில் நிற்பவனைப் போல ஒடுங்கி நிற்கும். ஊராருடைய பார்வையைச் சரி செய்துகொண்டே உட்கார்ந்திருந்ததில் அவருக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. குனிந்தால் மேசை தெரியும், பெல்ட் தெரியாது. அந்தக் கவலையில்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மாலைநேரக் கெண்டோ வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

கெண்டோ என்றால் மூங்கில் கத்திச் சண்டை. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கவசம் கிடையாது. கவசம் இல்லாதவரை யாரும் அடிக்கவும் மாட்டார்கள். அவர்கள் பாட்டுக்கு ஓர் ஓரமாக நின்று காற்றை வெட்ட வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும், முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி வைக்க வேண்டும். இது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காற்றிடம் உள்ள நல்ல குணம், அது திருப்பி அடிப்பதில்லை.

மாதங்கள் போகப் போக வீரம் ஏறியது. கடைக்கு வந்தவர்களிடம், “ஃபிரேம் இறுக்கமா இருக்கா? கத்தி பிடிக்கிற கை பாருங்க, அதான்” என்றார். வீட்டு வராந்தாவில் துடைப்பத்தைச் சுழற்றி ஒரு பூச்சாடியின் காதை அறுத்தார். “எதிர்ல மட்டும் ஒருத்தன் நின்னிருக்கணும், அவன் கதை முடிஞ்சிருக்கும்” என்று மனைவியிடம் சொன்னார். மனைவி துடைப்பத்தை வாங்கி, காதைப் பெருக்கி எடுத்தாள்.

எதிரில் ஒருத்தன் நிற்கும் காலமும் வந்தது.

“சார், காத்தை அடிச்சது போதும். ஒரு செட் கவசம் வாங்கிடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து உங்களையும் அடிப்பாங்க” என்றார் மாஸ்டர். பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் அவர். மேலே போகலாம் என்பதை எப்போதும் சந்தோஷமான செய்தியாகவே நினைப்பவர்.

கண்ணாடிக்காரருக்கு அது சந்தோஷமான செய்தியாகப் படவில்லை. மூத்த மாணவர்கள் தலையில் மூங்கில் விழும் ‘டப்’ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண் தானாக மூடிக்கொள்வது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் ‘கண்ணை நல்லாத் திறங்க’ என்று சொல்பவர் அவர். உரலில் தலையை விட்டவன் உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்பார்கள். அவர் இன்னும் தலையை விடவே இல்லை. உரலைப் பார்த்ததுமே பயந்தார்.

விலகிவிடலாம்தான். ஆனால் அத்தனை வீரம் பேசியாகிவிட்டது. பயந்து ஓடினான் என்றால் ஊர் சிரிக்கும். மனைவி விடவில்லை என்றால் ஊர் தோளில் தட்டிக் கொடுக்கும். பாதி ஊருக்கு அதே கதைதான்.

ஆகவே மாஸ்டரிடம் முன்கூட்டியே ஒரு பெருமூச்சு விட்டுவைத்தார். “எனக்கு ஆசைதான் மாஸ்டர். வீட்டுல அவ ரொம்பக் கண்டிப்பு. செலவுன்னா வாயைத் திறக்க விடமாட்டா.”

வாயைத் திறக்க வைப்பதுதான் அவளுக்கு வேலையே. பல் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளர். ஆனாலும் செலவு விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரே வருடத்தில் மீன்தொட்டி, சாய்வு நாற்காலி, தொலைநோக்கி என்று அவருடைய மூன்று கனவுகளைச் சமையல் மேடையிலேயே அடக்கம் செய்தவள் அவள். இப்படிப்பட்டவளை நம்பாமல் யாரை நம்புவது?

அன்று இரவு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கைபேசியை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார். இருப்பதிலேயே விலை கூடிய கவசமாகத் தேடி எடுத்திருந்தார். கையாலேயே தைத்தது. மார்புத்தட்டு மூங்கிலும் தோலும் வைத்து, மேலே கண்ணாடி மாதிரி மெருகு போட்டது.

“இதுதான் வேணும் எனக்கு.”

“எவ்வளவு?”

சொன்னார். வீட்டிலிருக்கும் அத்தனை சாமான்களையும் விற்று, வீட்டுக்காரரையும் சேர்த்து விற்றாலும் அந்த விலை வராது.

அவள் மடித்துக்கொண்டிருந்த போர்வை பாதியில் நின்றது. அவர் உள்ளுக்குள் குளிர்ந்தார். வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது, ‘வேண்டாம்’.

“இதேதான் வேணுமா?”

“இதைவிடக் கம்மின்னா எனக்குச் சரிப்படாது.”

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். தலையைச் சற்றே சாய்த்து, அவர் பல் டாக்டரின் நாற்காலியில் விளக்குக்குக் கீழே சாய்ந்திருப்பது போல ஒரு பார்வை. பிறகு போர்வையின் அடுத்த மடிப்புக்குப் போனாள்.

“வாங்கிடலாம்.”

“எது?”

“கவசம். இது இல்ல, நம்ம கைக்கு எட்டறதா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பாப்போம்.”

“ரெண்டு பேருமா?”

“ஆமா, இந்த முனையைப் பிடிங்க.”

அவர் போர்வையின் முனையைப் பிடித்தார். வேறு பிடிமானம் எதுவும் அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை அவர் சும்மா இருக்கவில்லை. “எனக்கென்னவோ முட்டி வலிக்குது” என்றார். தைலம் வந்தது. “கண்ணாடி போட்டுக்கிட்டுத் தலைக்கவசம் மாட்ட முடியாதாம்” என்றார். “அங்க போய்க் கேப்போம்” என்றாள். “மீன்தொட்டியே வேணாம்னவ நீ” என்று நினைவுபடுத்திப் பார்த்தார். “மீனுக்குத் தண்ணி யார் மாத்தறது?” என்றாள். கவசத்துக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய குறை என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

பயிற்சிக் கூடத்தின் பின்னால் ஒரு சாமான் அறை. மாஸ்டர் மலிவான புதுச் செட்டுகள் சிலவற்றையும், பழைய மாணவர்கள் விட்டுப்போன உருப்படிகளையும் பெஞ்சில் பரப்பி வைத்திருந்தார். முகத்துக்கு முன்னால் கம்பிகள் வைத்த தலைக்கவசம், கையுறை, மார்புத்தட்டு, இடுப்பில் கட்டும் மடல்கள்.

“வாங்கம்மா. நீங்க ரொம்பக் கண்டிப்புன்னு சார் சொல்லுவார்.”

“அப்படியா சொன்னார்?” என்றாள் அவள், கணவரைப் பார்க்காமலே.

கண்ணாடிக்காரர் பெஞ்சின் காலை ஆராய்ந்தார்.

“முழு செட்டா எடுக்கணும்னு இல்லம்மா. அடி வாங்கறது தலையும் கையும்தான். இருக்கற காசை அங்க போடுங்க. மார்புத்தட்டு பிளாஸ்டிக் போதும். தையலும் மெஷின் தையல் போதும். முக்கியமா அளவு சரியா இருக்கணும். எவ்வளவு விலை போட்டாலும் தலையில ஆடுச்சுன்னா வீண்.”

அளவு. கண்ணாடிக்காரருக்கு ஒரு சாளரம் திறந்தது. எந்த அளவும் சரியில்லை என்றால் என்ன செய்வார்கள்?

முதல் தலைக்கவசத்துக்குள் தலையை விட்டதுமே, “தாடை இடிக்குது” என்றார்.

மனைவி கம்பிகளுக்கு எதிரே குனிந்தாள். “வாயைத் திறங்க.”

திறந்தார்.

“மூடுங்க. பல்லைக் கடிங்க. இந்தப் பக்கம் அசைங்க, அந்தப் பக்கம் அசைங்க. எங்க இடிக்குது?”

“இப்ப இடிக்கல.”

“ஆனா இது கொஞ்சம் பெரிசு. அடுத்தது.”

இரண்டாவது நெற்றிப்பொட்டை நெரிக்கிறது என்றார். அவள் பஞ்சு மெத்தைக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்து, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாள். அவருக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாவதை மாஸ்டரே மாட்டினார். “முன்னாடி கம்பிங்க இருக்கில்ல சார், அதுல ஒரு இடத்துல மட்டும் இடைவெளி கொஞ்சம் அகலம். கண் அதுக்கு நேரா வரணும். வருதா?”

இங்கேதான் விதி விளையாடியது. இந்தக் கேள்வியை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முகங்களிடம் கேட்கிறார். லென்ஸின் நடுப்புள்ளியும் கண்ணின் கருமணியும் ஒன்றாக வரும் இடத்தைத் தேடித் தேடியே அவருக்கு முடி நரைத்தது. அந்த இடைவெளி வழியாகச் சாமான் அறை முழுவதும் ஒரு பிசிறில்லாமல் தெரிந்தது. பயம் வாயைப் பொத்துவதற்குள் தொழில் பேசிவிட்டது.

“கச்சிதம்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். தாடையும் இடிக்கவில்லை.

“இருந்தாலும் கண்ணாடி போட்டா உள்ள போகாதே மாஸ்டர்” என்று கடைசிக் கல்லை வீசினார்.

“என்ன சார், காதுல மாட்டாம ரப்பர் பட்டை வச்ச கண்ணாடி எனக்குச் செஞ்சு குடுத்ததே நீங்கதானே? போட்டதே தெரியலைன்னு நான்கூடச் சொன்னேனே.”

மனைவி தலைக்கவசத்தை எடுத்துத் தனியே வைத்தாள். அடுத்தது கையுறை. உள்ளங்கை கிழிந்து புதுத் தோல் வைத்துத் தைத்த பழைய ஜோடி ஒன்று பாதி விலைக்கு இருந்தது. கண்ணாடிக்காரர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பல பேருடைய பல வருட வியர்வை அவரை வரவேற்றது. கண்ணில் நீர் வந்தது. அதில் பாதி ஆனந்தக் கண்ணீர்.

“மோந்து பாரு” என்று அவளிடம் நீட்டினார். “இந்த நாத்தம் நம்ம வீட்டுக்குள்ள வந்தா உன்னால தாங்க முடியுமா? உனக்காகத்தான் சொல்றேன்.”

அவள் மோந்து பார்த்தாள். முகம் மாறவில்லை.

“நான் நாள் முழுக்க ஜனங்க வாய்க்குள்ள குனிஞ்சு நிக்கிறேங்க” என்றாள். “இது தேவலை.”

மார்புத்தட்டில் ஒரு கீறலைக் காட்டி அவள் கொஞ்சம் விலை குறைத்தாள். பொருளை விற்கவிடாமல் கெடுக்கக் கணவரும், மலிவாக வாங்க மனைவியும் ஒரே நேரத்தில் குறை சொன்னதில் மாஸ்டர் திணறிப்போய் இடுப்பு மடல்களைச் சும்மாவே கொடுத்துவிட்டார். கண்ணாடிக்காரர் மூட்டையைத் தூக்கி வாசலுக்குப் போனார். மனைவி பின்னால் நின்று மாஸ்டரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

மத்தியானம் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, “சும்மா ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்றாள். சும்மா என்றதால் ஒப்புக்கொண்டார். முதுகுப்பக்கக் கயிறுகளை அவளே கட்டினாள். குழந்தைக்குக் கழுத்துத்துண்டு கட்டுவது போல, இறுக்கமா, இறுக்கமா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினாள். எல்லாம் முடிந்ததும் எதிரே தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கீங்க.”

கம்பிகளுக்குப் பின்னால் முகம் வெளியே தெரியாது என்ற தைரியத்தில் கேட்டார். “நீ ஏன் வேணாம்னு சொல்லல?”

“நீங்க வேணாம்னு சொல்ல வைக்கப் பாத்தீங்களே, அதனாலதான்.”

அவர் கையுறையைச் சரி செய்வது போலக் குனிந்தார்.

“எங்க கிளினிக்குக்கு வரவங்கள்ல உண்மையிலேயே காசு இல்லாதவங்க, இருக்கறதுலயே கம்மியானது எதுன்னு கேப்பாங்க. பயந்தவங்க இருக்கறதுலயே விலை அதிகமானதைக் கேப்பாங்க. அப்பத்தானே கட்டுப்படியாகாதுன்னு எழுந்து போகலாம்.”

“அப்ப, அன்னைக்கே தெரியுமா?”

“விலை சொன்னப்பவே.”



“பயமா இருக்கு” என்றார் அவர். திருமணமான இத்தனை வருடத்தில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் அவர் பெரிதாக்கவும் இல்லை, சிறிதாக்கவும் இல்லை.

“இருக்கட்டுமே. முன்னெல்லாம் கடையிலேர்ந்து வந்தா செருப்பைக் கழட்டறது மட்டும்தான் கேக்கும். அப்புறம் நீங்க இருக்கற இடமே தெரியாது. இப்ப கொஞ்ச நாளா வராந்தாவுல நீங்க அடி வச்சுப் பழகற சத்தம் கேக்கும். நான் சமையலறையில வேலையை மெதுவாச் செஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். மாஸ்டர் கவசம் வாங்கச் சொன்ன நாள்லேர்ந்து அது நின்னு போச்சு. எனக்கு அது வேணுங்க.”

அவர் தலையை ஆட்டினார். தலைக்கவசமும் தலையோடு ஒட்டியே அசைந்தது, அளவு அவ்வளவு சரியாக இருந்தது. அவள் எழுந்து மூலையில் சாய்த்திருந்த அவருடைய மூங்கில் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் எடையைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தாள்.

“அது சரி, நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க பெரியப்பா கோவிச்சுக்கிட்டுப் போனாரே, அது எதுக்கு?”

“அது பெரிய கதை. முன்வரிசையில அவருக்குன்னு போட்ட நாற்காலியில போட்டோகிராபர் போய்…”

டப்.

நடு உச்சியில் விழுந்தது. கூடம் அதிர்ந்தது. நாற்காலிக் கதை வாயிலேயே நின்றது. அவர் தன் தலையைத் தேடினார். இருந்தது. வலியைத் தேடினார். காணவில்லை.

“அடிச்சிட்டியா?”

“ஆச்சு. எங்க டாக்டர் ஊசி போடறப்ப இப்படித்தான், ஏதாவது சொந்தக் கதை கேப்பார்.” பிறகு குரல் இறங்கியது. கம்பிகளுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். “வலிச்சுதா? உண்மையைச் சொல்லுங்க.”

“இல்ல. சத்தம்தான்.”

“கண்ணு?”

“திறந்துதான் இருந்துது” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. “இன்னொண்ணு அடி. பலமா அடி. கையிலயும் அடி.”

அவள் அடித்தாள். அவர் சிரித்தார். மறுபடி அடித்தாள், அவளும் சிரித்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் கூரையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ, கடைசியில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். அவள் அவருடைய கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தலை வெளியே வந்ததும் வீரமும் கூடவே வெளியே வந்தது.

“இவ்வளவுதானா விஷயம். அடுத்த மாசம் வரட்டும், எதிர்ல நிக்கறவனை நான் பாத்துக்கறேன்.”

“அடுத்த மாசம் எதுக்கு? நாளைக்குச் சாயங்காலம் எதிர்ல ஆள் நிறுத்தறேன்னு மாஸ்டர் சொல்லிட்டார்.”

“நாளைக்கா? அடுத்த மாசம்னுதானே என்கிட்ட சொன்னாரு?”

“நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றாள் அவள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. “பயந்தவங்களுக்கு எங்க கிளினிக்ல அடுத்த மாசம் நேரம் குடுக்கறதே இல்லைங்க.”