நாலு விரல் இடைவெளி

லானியின் டயர் கடையிலிருந்து வெளியே வந்து, முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்ததுமே காருக்கு அடியில் 'கர்ர்க்' என்று ஒரு சத்தம். டெல்பர்ட் கோவாக் காதில் விழாதவர் மாதிரி இன்னும் கொஞ்சம் ஒடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் 'கர்ர்க்' கேட்டது. அப்படியே ரிவர்ஸ் எடுத்துக் கடைக்குள் திரும்பி வந்தார்.

போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகாத டயர்கள். பழையதைவிட ஒன்றரை அங்குலம் உயரம். காரும் லேசுப்பட்டதில்லை. ஆரஞ்சு நிறம், நீள மூக்கு, எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். மிச்சிகனில் ப்ளின்ட் ஊர்ப் பக்கம் பாதிக் குடும்பத்துக்குக் கார் தொழிற்சாலைதான் சோறு போட்டது. அங்கே ஒரு மனுஷனை அவன் காரை வைத்துத்தான் எடை போடுவார்கள். டெல்பர்ட் முப்பது வருஷம் தகரம் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற வாரமே இதை வாங்கினார்.

ஓடிக்கொண்டிருந்த டயருக்கு என்ன கேடு என்று கேட்கிறீர்களா? கேடு டயரில் இல்லை, ட்வைட்டின் கையில் இருந்தது.

ட்வைட் என்பவர் ரோண்டாவின் புருஷன். ரோண்டா, டெல்பர்ட்டை விவாகரத்து செய்துவிட்டுப் போன மனைவி. ட்வைட் கெட்டவராக இருந்தாலாவது திட்டிவிட்டுப் போகலாம். தங்கமான மனுஷன், அதுதான் தொல்லை. வியாழக்கிழமை சாயந்திரமானால் ஊர் ஆண்கள் ஐஸ்கிரீம் கடை வாசலில் காரை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் காரைக் குறை சொல்வார்கள். போன வியாழன் ட்வைட் டெல்பர்ட்டின் காரைச் சுற்றி வந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரலை நிமிர்த்தி உள்ளே விட்டார்.

"என்ன டெல்பர்ட், என் கையே உள்ள போகுது? அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு வந்த பையன் மாதிரில்ல நிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். கெல்சியும் சிரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கெல்சி, டெல்பர்ட்டின் ஒரே மகள். இன்னும் மூன்றே வாரத்தில், ஜூன் மூன்றாவது சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அவள் எந்த வண்டியில் சர்ச்சுக்குப் போகப்போகிறாள் என்பதைத் தவிர டெல்பர்ட்டுக்கு அப்போது வேறு கவலையே கிடையாது. ட்வைட்டிடம் ஏறுவதற்கே மூச்சு வாங்கும் உயரத்தில் ஒரு வெள்ளை பிக்கப் இருந்தது. அதைக் கழுவித் தயாராக வைத்திருப்பதாக அன்றைக்கும் ஒரு தடவை சொன்னார். கெல்சி "பாக்கலாம்" என்று சொல்லி ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொரு வயசிலிருந்து அவள் ட்வைட் வீட்டில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, எல்லாம் ட்வைட். இந்த ஒரு சவாரியாவது தனக்குக் கிடைக்க வேண்டும் என்று டெல்பர்ட்டுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு போன் போட்டு, "என் கார்ல வர்றியாம்மா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கத்து ஆம்பளைகள் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக என்ஜினையே இறக்கி ஏற்றச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஆகவே டயர் மாறியது. டயர் உரசியது. லானி குனிந்து பார்த்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டியில்தான் இடிக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றான். வெட்டினான். திருப்பத்தில் சத்தம் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் முதல் பள்ளத்தில் இறங்கியதும் மட்கார்டு விளிம்பே டயரில் உட்கார்ந்தது. மிச்சிகன் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? வீடு போய்ச் சேர்வதற்குள் பதினேழு உரசல் எண்ணினார்.

மறுநாள் லானி வேறு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு மேலேயும் ஒரு கட்டை வைத்து வண்டியின் உடம்பை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் உரசவே உரசாது. சொன்னபடியே உரசவில்லை. டெல்பர்ட் சந்தோஷமாக இறங்கி வந்து, மட்கார்டுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தார். நாலு விரல் போனது. கட்டை விரலும் கூடவே போனது.

"இடைவெளிய மூடத்தானடா டயரு போட்டோம்" என்றார்.

"உரசுதுன்னு சொன்னது நீதான?" என்றான் லானி. "இடைவெளி வேணாம்னா இன்னும் பெரிய டயர் போடணும். வண்டிதான் இப்ப உசந்திருச்சே, தாராளமா புடிக்கும்."

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் பழைய டயரைத் திருப்பிக் கேட்டிருப்பான். டெல்பர்ட் பெரிய டயரைக் கேட்டார்.

அந்த டயர் பார்வைக்கு மட்கார்டை அடைத்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. ஒரு விரல்கூட நுழையவில்லை. அந்தப் பெருமையில் ஊரைச் சுற்றி வந்தவரை நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் ஒருவர் மடக்கினார். ஐம்பத்தைந்து மைல் ரோட்டில் அறுபத்தொன்றில் போகிறீர்களே என்று கேட்டார். டெல்பர்ட் சத்தியம் பண்ணாத குறையாக மீட்டரைக் காட்டினார். மீட்டர் ஐம்பத்தைந்துதான் காட்டியது என்றார். போலீஸ்காரர் இறங்கி டயரைப் பார்த்தார். டயர் பெரிதானால் வண்டி மீட்டருக்குத் தெரியாமல் வேகமாக ஓடும் என்று விளக்கினார். ஃபைன் போடவில்லை. அதற்குப் பதில் கால் மணி நேரம் டயரைப் பற்றியே பேசிவிட்டு, "பின்னால நல்லா இருக்கு சார், முன்னாலதான் ஒரு நூல் எடுப்பா இருக்கணும்" என்று ஒரு கவலையைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து டெல்பர்ட் ஒரு சீட்டில் 'ஐம்பது என்றால் ஐம்பத்தைந்து, அறுபது என்றால் அறுபத்தாறு' என்று எழுதி மீட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். மீட்டரைச் சுற்றி இருந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இடது பக்கம் திரும்பினால் மட்டும் மறுபடி 'கர்ர்க்'.

வலது பக்கம் சத்தமே இல்லை. அவர் மேப்பை மேசையில் விரித்து, பென்சிலால் கோடு போட்டு, ரோண்டா வீட்டிலிருந்து சர்ச்சுக்கு இடது திருப்பமே இல்லாமல் போக ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு மைல் பதினொரு மைலானது. வழியில் ஒரு கால்நடைச் சந்தையையும் சுற்ற வேண்டியிருந்தது. லானியிடம் காட்டியபோது அவன் மேப்பை மடித்துக் கையில் கொடுத்து, இன்னொரு அங்குலம் தூக்கித் தருகிறேன், பேசாமல் நேர் வழியில் போ என்றான்.

தூக்கினான். உரசல் நின்றது. இடைவெளியும் ஒரு விரலோடு நின்றது. டெல்பர்ட்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தின வியாழன், ஐஸ்கிரீம் கடை வாசலுக்குப் போனார். இடம் காட்டும் பெரியவர் காரைப் பார்த்துவிட்டு, பிக்கப் வண்டிகள் நிற்கும் வரிசைக்குக் கையைக் காட்டினார். டெல்பர்ட் அதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். கெல்சி அன்றைக்கு வரவில்லை. கல்யாண உடையைக் கடைசியாகப் போட்டுப் பார்க்கத் தையல்காரம்மா ஒடெஸா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ட்வைட் சொன்னார். காரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டிப் பார்த்தார், ஒரு விரலுக்கு மேல் போகவில்லை, எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம் என்று டெல்பர்ட்டுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை, முன்னால் வெள்ளை ரிப்பன் கட்டிய காரை ரோண்டா வீட்டு வாசலில் நிறுத்தி, கோட்டும் டையுமாகப் பக்கத்தில் நின்றார். ட்வைட்டின் பிக்கப்பும் பளபளவென்று நின்றது. கதவு திறந்தது. கெல்சி வந்தாள்.

உடை முழங்காலுக்குக் கீழ்வரை உடம்போடு ஒட்டி, அதற்கப்புறம்தான் விரிந்தது. சின்னச் சின்ன அடியாக வைத்துத்தான் நடக்க முடிந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள் காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இதை என்ன பண்ணுனீங்க?"

"பாரு, ஒரு விரலுக்கு மேல போகுதா பாரு" என்றார் டெல்பர்ட்.

அவள் விரலை விட்டுப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தாள். திரும்பி நின்று பின்பக்கமாக உட்காரப் பார்த்தாள்; சீட்டு எட்டாத உயரத்தில் இருந்தது. காலைத் தூக்கப் பார்த்தாள். கால் ஒரு சாண்கூட எழும்பவில்லை. டெல்பர்ட் கைத்தாங்கலாகத் தூக்க வந்தபோது எங்கேயோ ஒரு தையல் 'பட்' என்றது. பின்னாலேயே ஊசி நூலோடு வந்த ஒடெஸா, தொட்டால் கையை உடைப்பேன் என்ற மாதிரி முறைத்தார். ட்வைட் ஓடிப்போய் பிக்கப்பின் படியை இறக்கிவிட்டார். அந்தப் படியே அவள் முழங்கால் உயரம். அதிலும் முடியவில்லை. ட்வைட் சமையலறை ஸ்டூலைக் கொண்டுவரட்டுமா என்றார். கெல்சி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டி மறுத்தாள். அழுகையை அடக்குகிறாளா சிரிப்பை அடக்குகிறாளா என்று டெல்பர்ட்டுக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒடெஸாவின் பழைய காரில்தான் போனார்கள். இருபது வருஷத்துக் கார், சாம்பல் நிறம், ஒரு பக்கக் கதவுக்கு வேறு வர்ணம், தரையோடு தரையாக இருக்கும். கெல்சி முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்சீட்டுக்குப் பாந்தமாகப் பொருந்திவிட்டாள். அப்பாவும் கூட வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். டெல்பர்ட் முன்சீட்டில், மடியில் பூச்செண்டோடு, முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்து போனார். வண்டி எல்லா இடது திருப்பத்திலும் சத்தமில்லாமல் திரும்பியது.

பாதி வழி வரை அவர் பூச்செண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தாங்க முடியாமல் ஒடெஸாவிடம் கேட்டார்.

"ஏங்க, கல்யாணப் பொண்ணு ஒரு வண்டியில ஏற வேண்டாமா? இவ்வளவு இறுக்கியா தைப்பாங்க?"

"ஒடெஸா, சொல்லாதீங்க" என்றாள் கெல்சி பின்னாலிருந்து.

ஒடெஸா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நானாவா இறுக்கினேன், மிஸ்டர் கோவாக்? 'ட்வைட் மனசு நோகாம வேண்டாம்னு சொல்லணும், அவர் பிக்கப்புல ஏறவே முடியக்கூடாது, எங்க அப்பா கார்ல மட்டும் உக்கார முடியணும்'னு, உங்க சீட்டு உயரத்த ஏப்ரல் மாசமே அளந்து எழுதிக் கொண்டாந்து குடுத்தது உங்க பொண்ணுதான்."